ரஸ்க்குக்குச் சித்தரத்தை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த வாரம் என் காது ஆறவே இல்லை. எல்லாம் ஜாய்சன் மாமாவால் வந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. செகந்திராபாத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வாரநாட்களில் ரயில்வே வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழு. இரண்டு வருடத்துக்கு முன்பு திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியோடு வந்து இறங்கினார். வந்த அன்றே அது என் தட்டிலிருந்து ஒரு ரஸ்கைத் திருடித் தின்றது. அதன் நிறமும் ரஸ்க் நிறம்தான். வேறு பெயர் தேடவே இல்லை.

இப்போது ரஸ்க்குக்கு நீளக் கால், ஒட்டிய வயிறு. அவன் ஓட ஆரம்பித்தால் ஸ்கூட்டரில் போகிறவர்கள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஜனவரியில் கன்டோன்மென்ட் மைதானத்தில் நாய்க் கண்காட்சி என்று தெரிந்ததும் மாமா ரஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? ஹால் சுவரில் ஓட்டை போட்டு, கோப்பை வைப்பதற்கு ஒரு பலகையும் அடித்துவிட்டார்!

"கோப்பையே இன்னும் வரலையே மாமா?" என்றேன்.

"வந்தா வைக்க இடம் வேணும்லா?" என்றார் மாமா. சோபா முழுக்கச் சிமெண்ட் தூள். அதைத் துடைத்தது நான்.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் ரஸ்க் இருமினான்.

தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல, 'கொஹ், கொஹ்' என்று ஒரு வறட்டு இருமல். கழுத்துப் பட்டையை இழுத்தால் இன்னும் அதிகமானது. இருமி முடித்ததும் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

"மாமா, ரஸ்க்குக்கு உடம்பு சரியில்ல. கண்காட்சி வேண்டாம்" என்றேன்.

"ஏட்டி, நீ வேற! தண்ணி குடிக்கும்போது புரை ஏறியிருக்கும்."

"அவன் தண்ணியே குடிக்கல!"

போன வாரம்தான் மாமா கண்காட்சி விதிகளை மொபைலிலிருந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு நாய்க்கும் தண்ணீர்க் கிண்ணம் கொண்டுவர வேண்டும். பூட்டிய காருக்குள் நாயை விட்டுப் போகக் கூடாது. இருமலோ காய்ச்சலோ தோல் நோயோ இருந்தால் அழைத்துவரவே கூடாது. வாசலில் டாக்டர் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "ரொம்ப நல்ல விதி. இப்படித்தான் இருக்கணும்" என்று தலையை ஆட்டியவரும் இதே மாமாதான்.

"விதி இருக்கே மாமா!" என்றேன்.

மாமா நேராகச் சமையலறைக்குப் போனார். கையில் சித்தரத்தை டப்பாவோடு திரும்பி வந்தார்.

சித்தரத்தை என்பது ஒரு காய்ந்த வேர். மென்றால் காரமாக இருக்கும். பாட்டுக் குழுவில் யாருக்காவது தொண்டை கட்டினால், பாடுவதற்கு முன்னால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். பாட்டு முடிகிறவரை இருமல் வராது. அதற்கப்புறம் வரும். எல்லாம் சேர்த்து வைத்து வரும்.

மாமா சித்தரத்தையை இடித்துப் பொடியாக்கித் தேனில் குழைத்தார்.

"கிறிஸ்துமஸ் பாட்டுக்கு எங்க குழு மொத்தமும் இதாலதான் தப்பிச்சுது. எங்களுக்குக் கேட்கிற மருந்து நாய்க்குக் கேட்காதா?"

"அவன் என்ன பாட்டா பாடப் போறான்? அவனுக்கு வியாதி மாமா! மத்த நாய்க்கும் ஒட்டும்!"

"கத்தாத. மைதானம் அம்புட்டுப் பெருசு. ரஸ்க் ஒரு மூலையில நிப்பான், மத்ததெல்லாம் ஒரு மூலையில நிக்கும்."

"லட்டுவும் வாரான் மாமா!"

லட்டு என் வகுப்புத் தோழி ஹர்ஷிதாவின் நாய். பக் இனம், சப்பை மூக்கு. நின்றுகொண்டே குறட்டை விடுவான். போன மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்து, மூச்சு விட முடியாமல் நாக்கு நீலமாகிவிட்டது. இன்னொரு முறை அப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அவர்களுடைய டாக்டர் சொல்லியிருந்தார். ஹர்ஷிதா அன்று முழுக்க வகுப்பில் அழுதுகொண்டிருந்தாள்.

இதையும் சொன்னேன். மாமா காதில் விழவில்லை. அம்மாவிடம் ஓடினேன்.

"ஒரு நாள்தானே ஐவி. கண்காட்சி முடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டிருவோம்" என்றார் அம்மா.

இது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டத்தான் போகிறார்களாம். அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் டாக்டரிடமிருந்து மறைப்பார்களாம்! நான் இரவு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி, பசிச்சா சாப்பிடு" என்று மூடி வைத்துவிட்டார்கள். கோபப்படுகிறவளிடம் யாராவது கெஞ்ச வேண்டாமா?

சனிக்கிழமை காலையில் மாமா ரஸ்க்குக்கு இன்னும் ஒரு உருண்டை சித்தரத்தை கொடுத்தார். பட்டையை இழுத்தால்தான் இருமல் வருகிறது என்பதை மாமாவும் கவனித்திருந்தார். அதனால் ரஸ்க்கை நடக்கவே விடவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கியதும் கைக்குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டார். அவனுடைய நாலு காலும் நாலு பக்கம் தொங்கின.

"இவ்வளவு பெரிய பாப்பாவா?" என்று வரிசையில் நின்ற ஒரு அம்மா சிரித்தார். மாமாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மைதானம் பெரிதுதான். ஆனால் வாசல் ஒன்றுதானே? எல்லா நாய்களும் ஒரே வரிசையில், ஒன்றின் வால் இன்னொன்றின் மூக்கில் படுகிற மாதிரி நின்றன. எங்களுக்கு முன்னால் நின்றது யார் தெரியுமா? ஹர்ஷிதாவும் அவள் அப்பாவும். தரையில் லட்டு, கழுத்தில் மஞ்சள் ரிப்பனோடு.

"ஐவி! ரஸ்க்!" என்று ஹர்ஷிதா துள்ளினாள். லட்டு குறட்டை விட்டுக்கொண்டே எங்களை நோக்கி வந்தான். ரஸ்க்கும் மாமாவின் கையிலிருந்து தலையைக் கீழே நீட்டினான். இரண்டு மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"நக்கோ, வேண்டாம்! பக்கத்துல வராத! தள்ளிப் போ!" என்று கத்தினேன்.

ஹர்ஷிதா சட்டென்று லட்டுவைத் தூக்கிக்கொண்டாள். "கைக்கு ஐவி? ஏன் கத்துற? நான் என்ன பண்ணேன்?"

"போன்னா போ! அந்தப் பக்கம் போய் நில்லு!"

அவள் கண் கலங்கிவிட்டது. "உன் நாய்தான் ஜெயிக்கணும்னு உனக்கு இவ்ளோ திமிரா?" என்று கேட்டுவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் போய் நின்றாள்.

எனக்குத் திமிராம்! யாருடைய தப்புக்கு யாருக்குத் திட்டு? மாமாவை முறைத்தேன். மாமா வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பருந்துகூட இல்லை.

எங்கள் முறை வந்தது. பரிசோதனை செய்த டாக்டரின் கோட்டில் அனுபமா என்று எழுதியிருந்தது. நாங்கள் பேசியதைக் கேட்டு அவரும் தமிழிலேயே பேசினார். ரஸ்க்கின் கண்ணைப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

"அழகான நாய். ஏன் தூக்கிட்டே இருக்கீங்க?"

"ரொம்பச் செல்லம் டாக்டர்" என்றார் மாமா.

"இருமல், தும்மல் ஏதாவது உண்டா?"

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தேன். மாமா எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நான் விழுந்தால் என்னைவிட அதிகமாகக் கத்துகிறவர். அவர் பொய் சொல்ல மாட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். குதிரை மாதிரி இருக்கான்" என்றார் மாமா.

என் காது கொதித்தது. வாய் தானாகத் திறந்தது.

"பொய்! ரெண்டு நாளா இருமுறான்! டாக்டர், அவனைக் கீழ இறக்கி நடக்க வைக்கச் சொல்லுங்க!"

"ஏட்டி ஐவி!" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"நீங்க சொல்லல. அதான் நான் சொல்லுதேன்!"

டாக்டர் மாமாவைப் பார்த்தார். "இறக்கி விடுங்க சார்."

மாமாவுக்கு வேறு வழி இல்லை. இறக்கிவிட்டார். ரஸ்க் வாலை ஆட்டிக்கொண்டு நாலடி நடந்தான். தூரத்தில் வேப்ப மரத்தடியில் லட்டுவைப் பார்த்ததும் பாய்ந்து இழுத்தான். பட்டை கழுத்தில் இறுகியது.

கொஹ். கொஹ். கொஹ்.

நிற்கவே இல்லை. கால்களை அகட்டி, முதுகை வளைத்து, கண்ணில் நீர் வர இருமினான். சித்தரத்தை பிடித்து வைத்திருந்த இருமல் எல்லாம் மொத்தமாக வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அவரவர் நாயை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். "அரே, இதைப் போய் கூட்டிட்டு வந்திருக்காங்களே!" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

நான் மண்டி போட்டு ரஸ்க்கின் பட்டையைத் தளர்த்தி, முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது.

டாக்டர் எங்களைத் தனியாக ஒரு கூடாரத்துக்கு அழைத்துப்போய் ரஸ்க்கின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"தொற்று இருமல். ஓய்வும் மருந்தும் கொடுத்தா சரியாயிடும். இன்னைக்கு இந்த நெஞ்சோட மைதானத்துல ஓடியிருந்தான்னா நிமோனியா வரைக்கும் போயிருக்கலாம். கீழ இறக்குற வரைக்கும் இருமவே இல்லையே? என்ன கொடுத்தீங்க?"

மாமா தரையைப் பார்த்தபடி, "சித்தரத்தை" என்றார்.

"யார் சொல்லி?"

"பாட்டுக் குழுவுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

டாக்டருக்கும் கோபம் வந்தது. அப்பாடா, எனக்குத் துணைக்கு ஒருவராவது! "இருமலை அடக்கினா வியாதி போயிடுமா சார்? இங்க குட்டிங்க இருக்கு, வயசான நாய்ங்க இருக்கு. பேச முடியாத ஜீவனை ஏமாத்தி வரிசையில நிறுத்தலாமா?"

ரஸ்க் மாமாவின் கையை நக்கினான். அதற்கப்புறம்தான் அவர் முகம் சுருங்கிப்போனது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வேற ஏதாவது நாய் இவன் பக்கத்துல வந்துச்சா?"

கூடார வாசலில் ஹர்ஷிதா நின்றுகொண்டிருந்தாள். லட்டு அவள் அப்பாவிடம் தூரத்தில் இருந்தான்.

"என் லட்டு வந்தான். ஆனா தொடல. இவ கத்தி விரட்டிட்டா" என்றாள்.

"நல்ல வேளை கத்துனா" என்றார் டாக்டர். "எதுக்கும் ரெண்டு வாரம் அவனைக் கவனமாப் பார்த்துக்கோ."

ஹர்ஷிதா என்னையே பார்த்தாள். "அதுக்குத்தான் கத்துனியா?"

"ஹவ், ஆமா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்ல, பைத்தியம்!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது. வாங்கிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் மாமா ஒரு காரியம் செய்தார். ரஸ்க்கின் வாரை என்னிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் போய், "தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோங்க" என்று தெலுங்கிலும் ஹிந்தியிலும் சொன்னார். ஒருவர் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஆட்டோவில் நான் மாமாவோடு பேசவில்லை. ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் உடனே கோபம் போய்விடுமா என்ன?

அன்று லட்டு போட்டி வளையத்தின் நடுவிலேயே படுத்துத் தூங்கிவிட்டானாம். பரிசு கிடையாது. இரண்டு வாரம் கழித்தும் அவன் ஒருமுறைகூட இருமவில்லை என்று ஹர்ஷிதா வந்து சொன்னாள். அதைக் கேட்டு ரஸ்க்குக்கு முழு ரஸ்க் ஒன்று கொடுத்தேன். அதற்குள் அவனும் குணமாகி, பழையபடி தெருவில் ஸ்கூட்டர்களை நிறுத்திக்கொண்டிருந்தான். மருந்து நேரம் தவறாமல் கொடுத்தது மாமாதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் மாமா தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டியிருந்தது. ஒரு மாதமாகக் குளியலறையில் அதையே பாடி எங்களைப் பாடாய்ப் படுத்தியிருந்தார். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, தலை சீவி, கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தார்.

கொஹ். கொஹ்.

மாமா சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய் சித்தரத்தை டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்துவிட்டுத் திரும்பினார். வாசலில் நானும் ரஸ்க்கும் நின்றுகொண்டிருந்தோம்.

நான் கத்தவில்லை. சும்மா நின்றேன். ரஸ்க் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

மாமா டப்பாவை மூடினார். ஹாலுக்கு வந்து, கோப்பைக்காக அடித்த அந்தப் பலகையில் அதை வைத்தார். மொபைலை எடுத்துப் பாட்டுக் குழுத் தலைவரை அழைத்தார்.

"பிரதர், நான் இன்னைக்கு வரல. எனக்கு இருமல். மத்தவங்களுக்கு ஒட்டிரும்."

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். சூடு ஆறியிருந்தது.