மார்புப் படத்தில் ஒன்றுமில்லை

காலை ஐந்தரைக்கு ஜெகநாதன் எழுந்தான். குழாயடியில் தண்ணீர் பிடித்து வைத்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினான். முகம் மழித்தான். மில்லுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, காப்பித் தம்ளருடன் உள்ளே போய் மனைவியை எழுப்பினான்.

அமுதத்தின் தலையணை முழுக்க ரத்தம். உடம்பு சில்லிட்டிருந்தது.

அன்று மாலையே ஆற்றங்கரையில் எரித்தார்கள். பாகூரிலிருந்து அவள் தம்பி மாரிமுத்து வந்து சேர்ந்தபோது நெருப்பு அடங்கியிருந்தது. மறுநாள் அவன் வில்லியனூர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தான்: அக்காவுக்கு மாமா விஷம் வைத்துவிட்டார், அதனால்தான் அவசரமாக எரித்தார்.

அறுத்துப் பார்க்க உடம்பு இல்லை. மிஞ்சியது ஓர் எக்ஸ்ரே படம். அதனுடன் இருந்த சீட்டில் 'நுரையீரலில் நோய் ஏதுமில்லை' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி ஜெகநாதனைத் தூக்குமேடைவரை கொண்டுபோகப் போதுமானது.

இன்ஸ்பெக்டர் மரியதாஸ் அவனை எதிரே உட்காரவைத்தார்.

"இருமல் எப்பலேர்ந்து?"

"தையிலேர்ந்து சார்."

"படம் எங்க எடுத்தீங்க?"

"டவுன்ல. மில்லு கிளார்க்குங்க நான், சர்க்கார் காசு கட்டுற ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கு. அதை நீட்டினா, பணம் லேட்டா வரும்னு எந்த எக்ஸ்ரே டாக்டரும் உள்ளயே வுடல. கடைசியா டாக்டர் கனகராஜ்தான் சரின்னாரு."

"நுரையீரல் நல்லாருக்குன்னு எழுதியிருக்காரு. அப்ப ரத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"கேளுங்க சார்!" சுவரோரம் நின்ற மாரிமுத்து கத்தினான். "பி.ஏ. படிச்ச ஆளாச்சே. கஞ்சியில இன்னா கலந்தாருன்னு கேளுங்க!"

ஜெகநாதன் திரும்பவில்லை. அழவும் இல்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்கு அதுவே போதுமான சாட்சியாகத் தெரிந்தது.

"படம் எடுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"திரைக்கு வெளிய. எங்களுக்கு முன்னால காசு கட்டிட்டுப் போனவரை 'மூச்ச இழுத்துப் புடி, வுடாத'ன்னு டாக்டர் சொன்னது கேட்டுச்சு."

"அமுதத்துகிட்ட?"

ஜெகநாதன் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல சார். போன வேகத்துல வந்துட்டா."

"மெஷின் போட்டது யாரு?"

"டாக்டரேதான். வேலையாளு அன்னிக்கு லீவுன்னாரு."

மரியதாஸ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் இறக்கவில்லை.

"தாலிய எப்பவாச்சும் கழட்டுவாங்களா?"

"மாட்டா சார்."

"இப்ப எங்க அது?"

ஜெகநாதன் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். மஞ்சள் கயிற்றில் இரண்டு வட்டப் பொட்டு.

"ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க," என்றார் மரியதாஸ்.

டாக்டர் கனகராஜ் சிரித்துக்கொண்டே வரவேற்றார். "என்ன இன்ஸ்பெக்டர், போலீஸ்ல இப்ப எக்ஸ்ரே பாக்கவும் சொல்லித் தராங்களா?"

"நீங்கதான் சொல்லித் தரணும். கழுத்துக்குக் கீழ வெள்ளையா விழுந்திருக்கே, இது இன்னா?"

"தாலி. நம்ம பொம்பளைங்க எங்க கழட்டுறாங்க?"

"அதான். தாலி இல்லாத படமா இருந்தா யாராச்சும் கேப்பாங்கன்னு, தாலியோட இருக்கிற படமா தேடி எடுத்திருக்கீங்க. நடுவுல பாருங்க டாக்டர். சிலுவை. இது எங்க கோயில்ல கட்டுற தாலி. என் வூட்டுக்காரி கழுத்துல தினம் பாக்குறேன்." படத்தின் பக்கத்தில் வட்டப் பொட்டுகளை வைத்தார். "அமுதத்தோடது இது."

கனகராஜின் சிரிப்பு நின்றது. "கவர் மாறியிருக்கும். வேலையாளு கவனிக்காம..."

"அவன் அன்னிக்கு லீவு. மாறியிருந்தா அமுதம் படம் வேற கவர்ல இருக்கணும். இருக்காது. ஏன்னா நீங்க எடுக்கவே இல்ல. மார்புப் படம்னா மூச்சைப் புடிக்கச் சொல்லணும். காசு குடுத்தவருக்குச் சொன்னீங்க. அட்டை கொண்டாந்தவளுக்குச் சொல்லல. எடுத்ததா சர்க்காருக்கு எழுதிட்டு, பழைய படத்துல பேரை மாத்திக் குடுத்துட்டீங்க. காசநோய்க்காரிய நோயில்லன்னு எழுதி வூட்டுக்கு அனுப்பிட்டீங்க. இப்படி எத்தினி பேரு?"

டாக்டர் வாசல் பக்கம் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் மூன்று பேர் ஈ.எஸ்.ஐ. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மாரிமுத்து மாமா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். அரும்பார்த்தபுரம் தாண்டியதும் மெல்லக் கேட்டான்.

"அக்கா கடைசியா இன்னா சொல்லுச்சு மாமா?"

ஜெகநாதன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். கடைசி ராத்திரி இருமலில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றான் இவன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் படத்துல ஒண்ணுமில்லன்னு வந்துட்சே. நீங்க தூங்குங்க. காலையில மில்லுக்குப் போவணும்."