ஆந்தை தூங்கிய மத்தியானம்

"ஆ...!"

பெண் குரல்.

ஒரே ஒரு அலறல். அதுவும் பாதியில் அறுந்துபோனது.

ஆந்தை புரண்டு படுத்தான்.

ராத்திரி முழுக்கத் தகரம் வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பாயில் விழுந்தவன். இரவில் விழித்துப் பகலில் தூங்குவதால் தெரு வைத்த பெயர் ஆந்தை. அதற்காகக் கோபித்துக்கொள்ளக்கூட அவன் உடம்பில் தெம்பு மிச்சமில்லை.

சாயங்காலம் மனைவி வந்து உலுக்கினாள். சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டு வந்தவள்.

"ஏங்க... தலையணையைப் பாருங்க! கிரீஸ் கையோட படுத்தா இதை யாரு துவைக்கிறது? உங்க ஃபோர்மேன் வருவாரா?"

"ம்..."

"மத்தியானம் பக்கத்து வீட்ல யாரோ அலறினாங்களாமே? எதிர் வீட்டு அக்கா சொல்றாங்க. உங்களுக்குக் கேக்கலியா?"

தூக்கம் போன இடம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் இரண்டே பேர். தெருமுனையில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபேன்காரர். வீட்டிலேயே கரண்டுத் தையல் மெஷின் ஓட்டும் அவர் மனைவி, டெய்லர் அக்கா.

"கேட்டுச்சு..."

"கேட்டுட்டுமா படுத்திருந்தீங்க?"

"கனவுன்னு நினைச்சேன்டி..."

சுவரில் காதை வைத்தான். தையல் மெஷின் சத்தமே இல்லை. அவன் கண்ணை மூடினால் போதும், கடகடவென்று ஆரம்பித்துவிடுகிற மெஷின் அது. போன வாரம்தான் பொறுக்க முடியாமல் தெருவே கூடும்படி கத்தியிருந்தான்.

'இன்னொரு தடவை ஓட்டினா கொன்னுடுவேன்!'

இருவரும் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

கதவு பாதிதான் திறந்தது. ஃபேன்காரரின் மூக்குக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"அக்கா இல்லியா அண்ணே?"

"காலையிலயே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா தம்பி."

"மத்தியானம் யாரோ அலறின மாதிரி..."

"அலறலா? எனக்கென்ன தெரியும்? நான் கடையில இருந்தேன். டிவியா இருக்கும்."

"பூட்டின வீட்ல டிவி தானா ஓடுமாண்ணே?" என்றாள் மனைவி.

கதவு சாத்திக்கொண்டது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"வாசலைப் பாத்தீங்களா? அக்காகிட்ட இருக்கிறது ஒரே ஜோடி செருப்பு. இங்கயே கிடக்கு. வெறுங்காலோடயா போனாங்க?"

ஆந்தை மனைவியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"போலீஸ்ல சொல்லிடலாங்க."

"என்னன்னு? செருப்பு கிடக்குதுன்னா? கொன்னுடுவேன்னு கத்தினவன் நான்டி. முதல்ல என் கழுத்துலதான் கை வைப்பாங்க."

"அப்ப அக்கா?"

ஆந்தை சட்டையை மாட்டினான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஒரு உயிர் கத்தியது. இவன் புரண்டு படுத்தான். அந்தப் பெண் செத்திருந்தால்... இனி எந்தப் பகலில், எந்தப் பாயில் இவனுக்குத் தூக்கம் வரும்?

விடிந்து, ஷிப்டு முடியப்போகிற நேரம்.

"ஐயோ...!"

பக்கத்து மெஷின்காரனின் அலறல்!

ஆந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் அவன் கை சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டது. மெஷின் வரிசை மொத்தமும் நின்றது. சிக்கியது சட்டைக் கைதான். விரல் தப்பியது.

சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுக்கிற பாடம். அலறல் கேட்டால் முதலில் கரண்டை அமத்து. யார், என்ன என்பதெல்லாம் அப்புறம்.

"சபாஷ்டா!" என்றார் ஃபோர்மேன். "நின்னுக்கிட்டே தூங்குறேன்னுல்ல நினைச்சேன்."

"தூங்கிட்டுதான் சார் இருந்தேன். கை மட்டும்..."

கிரீஸ் படிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

கை மட்டும்!

சுடுகிற சிமென்ட் தரை. வெறும் கால். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசல் சுவர். அதில் பக்கத்து வீட்டு மெயின் ஸ்விட்ச்... அதன் மேல் இவனுடைய கிரீஸ் கை!

கனவில்லை. நேற்று எழுந்திருக்கிறான்! அமத்திவிட்டு, வந்து மறுபடி படுத்திருக்கிறான்!

கம்பெனி வாசலுக்கு ஓடி வந்து மனைவிக்குப் போன் போட்டான்.

"போலீஸைக் கூப்பிடு! நான் தூக்கத்துல போய் அவங்க மெயினை அமத்தியிருக்கேன்; அது கரண்டு அலறல்டி!"

"உங்களைப் பிடிச்சா?"

"பிடிச்சா பிடிக்கட்டும். அக்கா எங்கேன்னு தெரியணும்!"

அவன் வீடு வந்து சேர்ந்தபோது தெரு முழுக்கத் தலைகள். நடுவில் இன்ஸ்பெக்டர். அவரும் ராத்திரி டியூட்டிதான் போல. கண் இரண்டும் செக்கச்செவேல்.

"சம்சாரம் எங்கேய்யா?"

"தங்கச்சி வீட்ல சார்." ஃபேன்காரர் கைகட்டி நின்றார்.

"போன் போடு."

"அவ போனை இங்கயே வச்சிட்டுப் போயிட்டா சார்."

"செருப்பையும் வச்சிட்டா, போனையும் வச்சிட்டா... உசுரை மட்டும் எடுத்துட்டுப் போனாளா?" என்றாள் எதிர் வீட்டு அக்கா. "கடைக்கு மேல குடியிருக்கிறவளோட இவருக்கு இருக்கிற தொடர்பு எங்களுக்குத் தெரியாதுன்னு நினைப்பு!"

ஃபேன்காரருக்கு முகம் சிவந்தது. சட்டென்று ஆந்தையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"என்னைக் கேக்கறீங்களே, இவனைக் கேளுங்க சார்! கொன்னுடுவேன்னு கத்தினவன் இவன். தெருவே சாட்சி! எங்க வீட்டு மெயின்ல கை வச்சவனும் இவன்தான். வந்து பாருங்க, கறுப்புக் கை!"

பார்த்தார்கள். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

கூட்டம் ஆந்தையை விட்டு ஒரு அடி விலகியது.

"உன் கையா?"

"ஆமா சார்..."

"எதுக்கு வச்சே?"

"தூக்கத்துல சார்..."

"தூக்கத்துல!" இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "இவனை வண்டியில ஏத்து."

ஆந்தை வண்டியை நோக்கி நடந்தான். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே!

மனைவிதான் குறுக்கே வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார்! அண்ணே... இவரு எப்ப மெயினை அமத்தினாரு?"

"எப்பன்னா? மத்தியானம்தான்! அவ அலறினாளே, அடுத்த நொடியே வந்து அமத்திட்டான்!"

"யாரு அலறினா?"

"என் பொண்டாட்டி..."

"அக்காதான் காலையிலயே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களே அண்ணே!"

இன்ஸ்பெக்டர் ஃபேன்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க கடையிலல்ல இருந்தீங்க? அடுத்த நொடி அமத்தினதை எங்க இருந்து பாத்தீங்க?"

ஃபேன்காரர் சாவிக்கொத்தைப் பின்னால் மறைத்தார். 

"உடைங்கய்யா கதவை!" என்றார் இன்ஸ்பெக்டர்.

உள் அறையில், கை காலும் வாயும் கட்டப்பட்டுக் கிடந்தாள் டெய்லர் அக்கா. உள்ளங்கை இரண்டும் வெந்து கொப்பளித்திருந்தன.

உயிர் இருந்தது!

கட்டை அவிழ்த்ததும் தண்ணீர் குடித்தாள். அழுகை அப்புறம்தான் வந்தது.

"மெஷின்ல வயரை மாத்தி வச்சிட்டார் சார். தொட்டதும் இழுத்துப் பிடிச்சிடுச்சு. பின்வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தார்... திடீர்னு கரண்டு போச்சு. மயங்கிட்டேன். முழிச்சப்ப இங்க கிடந்தேன். 'நாளைக்கு மத்தியானம் மறுபடி முடிச்சிடறேன்'னார்."

"அக்கா..." ஆந்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்னை மன்னிச்சிடுங்க. மெஷின் சத்தத்துக்காக உங்களை என்னென்னவோ பேசிட்டேன்."

"நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? நான் விடியக்காலையில தைக்கிறேன்னுதான் சொன்னேன். இவர் விடல. 'ஆந்தை படுத்ததுக்கப்புறம்தான் மெஷினைப் போடணும், சத்தம் சுவத்தைத் தாண்டணும்'னு தினமும் கடைக்குப் போறப்ப சொல்லிட்டுப் போவார்."

ஆந்தை ஃபேன்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

சண்டையே ஏற்பாடு! மனைவி சாகவேண்டும். 'கொன்னுடுவேன்' என்று கத்திய பக்கத்து வீட்டுக்காரன் கம்பி எண்ணவேண்டும். பழி சுமக்கத்தான் இவனை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் பழுக்கவைத்திருக்கிறார்!

விலங்கோடு ஜீப்பில் ஏறிய ஃபேன்காரர் திரும்பி முறைத்தார்.

"எல்லாம் சரியா முடிஞ்சிருக்கும்... இந்த ஆந்தை ஒழுங்காத் தூங்கியிருந்தா!"

"தூங்க விட்டீங்களாண்ணே நீங்க?" என்றான் ஆந்தை.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

"முழிச்சிருந்த தெருவுல ஒருத்தனும் எழுந்து வரல. தூங்கினவன் வந்து ஒரு உசுரைக் காப்பாத்தியிருக்கே! உனக்கு ஏதாவது செய்யணும்யா. என்ன வேணும், கேளு."

ஆந்தை சுவரில் சாய்ந்தான். கண் பாதி மூடியிருந்தது.

"எங்க ஃபோர்மேன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்... தூக்கத்துல பாத்த வேலைக்கு ஓவர்டைம் உண்டா?"