‘கா’வில் ஒரு சொல்

யோஷியாகி "மொமிஜி" என்றார். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தார். அதற்கப்புறம்தான் மனைவியின் பக்கம் திரும்பி, "கா. உன் முறை" என்றார்.

சிகுசா சோற்றுக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். மொமிஜி என்றால் மேப்பிள். அது ‘ஜி’யில் முடிகிறது. ஷிரிதோரி ஆட்டத்தில் முன்னவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும்.

"ஜியிலதானே முடிஞ்சது?"

"நடுவுல ‘ஜிக்கா’ வந்துடுச்சே. கா உனக்கு. சொல்லும்மா, சூப்பு ஆறுது."

ஜிக்கா, தாய்வீடு. யார் சொன்னது என்று கேட்டிருக்கலாம். கேட்பதைவிடப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. "கசா," என்றாள். குடை.

மகள் பிறந்த நாளிலிருந்து அவர் சிகுசாவை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார், சிகுசா அவரை ‘அப்பா’ என்று. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மகள் போன பிறகு அவள் நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை.

மேசைமேல் டேப்லெட்டில், இலையுதிர்காலத்தில் எங்கெங்கே இலை சிவந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒளிர்ந்தது. மலையுச்சிகளில் அடர்சிவப்பு, கீழே வர வர ஆரஞ்சு, பிறகு மஞ்சள், டோக்கியோவை ஒட்டி இன்னும் பச்சை. அவர் விரலால் அதை நகர்த்திக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் இலை பார்க்கப் போக வழி கேட்பது இவரிடம்தான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசலுக்கு முன்னால் மலையேறலாம், வண்டி நிறுத்த எங்கே இடம் கிடைக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"மேல ஏரிக்கரையில இந்த வாரம் முழுச் சிவப்பு. சனி ஞாயிறு போனா வண்டி நகராது. வியாழக்கிழமை லீவு போட்டுட்டேன். இருட்டோட கெளம்பினா விடியறப்போ மலையடி."

"இதுதான் கடைசி," என்றாள் சிகுசா. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "வந்ததும் நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்றதா இல்ல."

அவர் விரல் வரைபடத்தின்மேல் நின்றது. சிவப்பின்மேல். "சரி," என்றார். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து போயிட்டு வந்துடுவோம்."

அக்கா தொலைபேசியில் பல்லைக் கடித்தாள். "இலை பாக்கத்தான் போறாரா உன் வீட்டுக்காரர்? பிள்ளைய முழுங்கின ஏரிக்கு வருஷா வருஷம் அட்டெண்டன்ஸ் குடுக்கப் போறார். நீயும் டிக்கியில ஏத்தின பெட்டி மாதிரி கூடவே போற. வாயைத் திறந்து மாட்டேன்னு சொன்னா நாக்கு வெந்துடுமாடி?"

"இந்த ஒரு தடவைதான் அக்கா."

"அவ பேரச் சொல்லி ஒரு தடவை அழுதுடு. அப்பறம் எங்க வேணா போ."

சிகுசா தொலைபேசியை வைத்தாள். அந்தப் பெயரை இறுதிச்சடங்குக்குப் பிறகு அவள் உச்சரித்ததில்லை. துக்கத்தால் அல்ல. துக்கம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் தன் மனதை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பாள். தடிப்பாக, வேறு யாருடையதோ போல, ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஏரிக்கரையில், அடுத்து அருவிக்குப் போவதா கோயிலுக்குப் போவதா என்று இருவரும் காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்துக் குனிந்திருந்தார்கள். குழந்தை அவரோடு இருக்கிறாள் என்று இவள் நினைத்தாள், இவளோடு இருக்கிறாள் என்று அவர். நிமிர்ந்தபோது படகுத்துறையில் பனிமூட்டம் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை விரைவுச்சாலையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியில் ஏறி அவர் முகத்தைத் தடவிவிட்டுப் பின்னால் போயின. ஹீட்டரின் காய்ந்த காற்றில் தெர்மாஸ் தேநீரின் வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது, மழையில் நனைந்த கம்பளிச்சட்டையைக் காயவைக்காமல் மூட்டை கட்டி வைத்ததுபோல. அவள் ஜன்னலைச் சற்று இறக்கினாள், வாசனை போகவில்லை, ஏற்றிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள்.

"கசாவில நிறுத்தினோம்," என்றார் அவர். "சா. சாய்." காண்டாமிருகம்.

இடைவெளி. சக்கரங்களின் ஓசை மட்டும். பிறகு அவர் சிரித்தார். யாரோ நன்றாகச் சொல்லிவிட்டதற்குச் சிரிக்கிற சிரிப்பு.

"‘இக்கா’வாம். கணவாய் மீன். மறுபடியும் உனக்கு கா. கில்லாடிதான்."

"யாரு?"

"சொல்லும்மா."

"கானி." நண்டு.

தன் உள்ளங்கைகள் உலர்ந்திருப்பதை அவள் கவனித்தாள். பயப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்குப் புத்தி பிசகிவிட்டது, அடுத்த ஓய்விடத்தில் இறங்கி அக்காவைக் கூப்பிட வேண்டும், என்று வாக்கியங்கள் வரிசையாக வந்தன. ஓய்விடம் வந்தது. அவள் கழிப்பறைக்குப் போய்க் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து அதே இருக்கையில் உட்கார்ந்தாள்.

இரோஹா மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் ஒரு பலகை உண்டு, பலகைக்கு ஓர் எழுத்து. பழைய அகரவரிசை. ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. ஏறும்போது ‘இ’யில் தொடங்கும் வரிசை, இறங்கி முடிக்கும்போது கடைசி வளைவில் ‘ன்’ என்று முடியும். வியாழக்கிழமையாக இருந்தும் நெரிசல் பிடித்துக்கொண்டது. முன்னால் போன பேருந்தின் சிவப்பு விளக்கு பனிமூட்டத்தில் கசிந்து பரவியது. அந்தச் சிவப்புக்குப் பின்னால் இன்னொரு சிவப்பாக இலைகள் மலைச்சரிவு முழுக்கத் தொங்கின, நனைந்து, அசையாமல்.

"நீ வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்," என்றார் அவர், வண்டி நின்றிருந்தபோது. "நீ இல்லாம ஆட முடியாது. ரெண்டு பேர் ஆடினா யாரும் தோக்கறதே இல்ல."

"தோத்தா என்ன?"

"மறந்துட்டியா? தோத்தவங்க பின்சீட்டு. ஜெயிச்சவங்க முன்சீட்டு. அவளுக்கு முன்சீட்டு மேல எவ்வளவு ஆசை." அவர் வைப்பரை ஒரு முறை ஓடவிட்டார். "கானியில நின்னது. நி. நிஷி." மேற்கு.

இந்த முறை இடைவெளி காலியாக இல்லை. அவளுடைய இருக்கையின் முதுகில், முட்டியால் அழுத்துவதுபோல, ஏதோ அழுந்தியது. சிறிய முட்டி. காதுக்குப் பின்னால் மூச்சு. ஈரமான மூச்சு, குளிர்ந்தது.

"ஷிக்கா."

மான். மூக்கடைத்த குரல். சளி பிடித்தால் இப்படித்தான் பேசுவாள்.

சிகுசா திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே அச்சம். கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. "காய்," என்றாள். சிப்பி. குரல் அவளுடையதாகவே இருந்தது.

அவர் மெல்லத் தலையசைத்தார். கண் கலங்கியிருந்தது. "கேட்டுச்சா உனக்கும்?"

"கேட்டுச்சு."

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சு எத்தனை நாள்…" அவர் முடிக்கவில்லை. பேருந்து நகர்ந்தது.

ஏரிக்கரையில் நாள் முழுவதும் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். வாகன நிறுத்தத்தில் ஆட்கள் வந்தார்கள், இலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்கள், போனார்கள். அவர் உப்புச்சோற்று உருண்டையைப் பிரித்துச் சாப்பிட்டார். ஒன்றைப் பின்பக்கம் நீட்டினார். கை காலியாகத் திரும்பியது. அவள் ஆரஞ்சை உரித்துத் தோலைக் காலடியில் போட்டாள். பின்னால் எப்போதாவது நீர் சொட்டியது. சிகுசாவுக்குள் அந்தத் தடித்த இடத்தில் ஏதோ குறுகுறுத்தது. ஊசியின் வீரியம் இறங்கும்போது முதலில் வருகிற ஊறல். அது போய்விடக் கூடாது என்று அவள் மூச்சைக்கூட அளந்து விட்டாள். நாளைக்கு அக்கா வீடு. நாளைக்குப் பிறகு இந்தச் சொட்டு கேட்காது.

இருள் கவியத் தொடங்கியபோது மலையிலிருந்து இறங்கினார்கள். வளைவு. பலகை. வளைவு. இலைகள் விளக்கொளியில் ஒரு கணம் ரத்தமாக எழுந்து அணைந்தன. கடைசி வளைவுகள் தெரிந்தபோதுதான் யோஷியாகி சொன்னார்.

"காயில நின்னது. இ. இரோஹா."

"ஹாக்கா," என்றது பின்னால்.

கல்லறை.

இருக்கைகளுக்கு நடுவே அது முன்னால் சாய்ந்திருந்தது. சிகுசாவின் தோளில் நீர் வழிந்தது. அடுத்து இவள். கா. குடை, நண்டு, சிப்பி எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆமை இருந்தது. தவளை இருந்தது. கண்ணாடி இருந்தது. ‘கா’வில் நூறு சொல் இருந்தது. ஒன்று மட்டும்தான் வாய்க்கு வந்தது, அது மட்டும்தான் வெகுகாலமாக அங்கே இருந்தது. சொன்னால் தோற்பாள். ‘ன்’ என்று முடிந்தால் தோல்வி. உயிர் ஏறாத மெய், அதில் எந்தச் சொல்லும் தொடங்காது, ஆட்டம் அங்கே நின்றுவிடும். தோற்றவர்கள் பின்சீட்டு. பின்சீட்டில் மகள் இருக்கிறாள்.

பக்கத்தில் உட்காரலாம். நனைந்த தலையைத் துவட்டிவிடலாம்.

"கானோன்," என்றாள் சிகுசா. மகளின் பெயர்.

யோஷியாகி வண்டியை ஓரம் கட்டினார். கடைசிப் பலகை விளக்கில் வெள்ளையாக நின்றது.

"தோத்துட்டம்மா," என்றார் மென்மையாக. அவளைப் பார்க்கவில்லை. "இடம் மாத்திக்கணும்."

"தெரியும்."

அவள் வெறுங்காலோடு இறங்கினாள். தார் குளிர்ந்திருக்க வேண்டும். பின்கதவைத் திறந்தாள், ஏறினாள், கதவைச் சாத்தினாள். கையைப் பக்கத்தில் நீட்டினாள்.

ஈரத் துணி. வேறு ஒன்றும் இல்லை.

முன்கதவு திறந்தது. மூடியது. பெல்ட் மாட்டும் ‘க்ளக்’.

"அப்பா, போலாம்."

இப்போது மூக்கடைப்பு இல்லை. தெளிந்த குரல். இருக்கையின் மேல்முனையைத் தாண்டித் தலை தெரியவில்லை, அவ்வளவு சிறிய ஆள். கியர்மேல் இருந்த அவருடைய கைமேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

சிகுசா கதவின் கைப்பிடியை இழுத்தாள். சைல்டு லாக். மறுபடி இழுத்தாள். அவரைக் கூப்பிட்டாள், இரண்டு வருடத்தில் முதல்முறையாக, "அப்பா" என்று. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஒரு நொடி பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

மலையடியில் பெட்ரோல் பங்க். வெளிச்சம் பால்போல் கொட்டியது. நரைத்த முடியோடு ஒருவர் தொப்பியைக் கழற்றி வணங்கி ஓடி வந்தார்.

"வாங்க வாங்க. ஃபுல்லா? மேல சிவப்பு எப்படி சார்?"

"இந்த வருஷம் பிரமாதம்."

"பாப்பா, குப்பை ஏதாவது இருந்தா குடும்மா, போட்டுடறேன்."

முன்ஜன்னலிலிருந்து சிறிய கை நீண்டது. ஆரஞ்சுத் தோல். காலி பாட்டில். பிறகு சிகுசாவின் செருப்புகள், ஒவ்வொன்றாக.

"இது நல்லா இருக்கே. அம்மாவோடதா?"

"போட்டுடுங்க," என்றார் யோஷியாகி.

பெரியவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடிகளைத் துடைத்தார். பின்ஜன்னலில் கண்ணைக் குவித்து உள்ளே பார்த்தார். சிகுசா கண்ணாடியில் அறைந்தாள். அறைந்தாள். அவர் அவளுடைய முகத்துக்கு நேராகப் பார்த்து நாக்கால் ‘ச்ச்’ கொட்டினார்.

"சார், பின்சீட்டு தொப்பலா நனைஞ்சிருக்கே. வாடை அடிச்சிடும். துடைச்சு விடட்டுமா?"

"சிரமம் இல்லைன்னா."

கதவு திறந்தது. குளிர்காற்று. கையெட்டும் தூரத்தில் வெளிச்சம், தரை, மனிதர். இறங்கும்படி கால்களுக்குச் சொன்னாள், அவை கேட்கவில்லை. முன்சீட்டில் ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. யோஷியாகி ஏதோ சொல்ல, மகள் சிரித்தாள். மூன்றாவது ஆளின் முறைக்கு அவர்கள் இடைவெளி விடவில்லை.

பெரியவர் குனிந்து காய்ந்த துணியை விரித்து, ஓரத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். துணி இருக்கையின் இந்த முனையிலிருந்து, அவளுடைய முழங்கால் இருக்கும் இடத்தைக் கடந்து, மடியைக் கடந்து, அந்த முனைவரை, எங்கும் தடைபடாமல் போயிற்று.