ஆன்ரியின் ரிவால்வர்

1971 மார்ச்சில், பனி கரையாத ஒரு சனிக்கிழமைக் காலை, நாகசுப்பிரமணியன், பிரெஞ்சுக்காரர்கள் வாழும் வில்லரே பகுதியில் இருந்த பழைய செங்கல் வீடு ஒன்றுக்குப் போனான். ஆன்ரி என்ற கிழவர் இறந்துபோக, அவருடைய சாமான்களை உறவினர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியரான அவனுக்குப் பழைய துப்பாக்கிகள் சேர்க்கும் ஆசை அப்போதுதான் பிடித்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பாக்கெட் ரிவால்வர் ஒன்று துருவேறி, விசை இறுகிக் கிடந்தது. கிழவரின் மனைவி அதன் குண்டு பட்டுத்தான் செத்தாள் என்றும், கிழவர் கை தவறிச் சுட்டுவிட்டதாகக் கோர்ட்டில் தீர்ப்பானது என்றும் விற்றவன் பேச்சுவாக்கில் சொன்னான்.

அதுதான் அவனுடைய முதல் துப்பாக்கி.

அதே நகரில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த தன் அபார்ட்மெண்டில், சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினான். இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டான். மரப் பிடியைக் கழற்றியபோது கறுத்த பொருக்கு ஒன்று உதிர்ந்தது. துரு இல்லை. ஈரத்துணி பட்டதும் சிவந்தது.

துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

அன்றிலிருந்து வீட்டில் எண்ணெயை மீறி ஒரு பச்சை வாடை. அவன் மனைவி கமலினி கும்பகோணத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சமைக்கும்போது காதருகே ஒரு பெண் ஏதோ புரியாத பாஷையில் முணுமுணுப்பதாகச் சொன்னாள். அவன் சிரித்தான். அவள் அந்த மேஜையில் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"என்னங்க, அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அவ என்னையே பாக்கறா."

"யாரு?"

"தெரியல. உள்ள வர இடம் கேக்கற மாதிரி இருக்கு."

அவளுடைய பயம் அவனுக்கு ருசித்தது. பின்னால் ஓசைப்படாமல் போய் நின்று விசையை இழுப்பான். அவள் தோள்கள் குலுங்கும். விளையாட்டு என்பான்.

மூன்றாவது ஞாயிறு பிற்பகல் புது ஸ்பிரிங் பொருத்தினான். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு சுழன்றது. ஐந்து அறைகளும் காலி என்று பார்த்துக்கொண்டான். அரிசி களைந்துகொண்டிருந்த கமலினியைக் கூப்பிட்டான். திரும்பியவளின் நெஞ்சில் குழலை வைத்து, சிரித்தபடியே இழுத்தான்.

க்ளிக்.

அவள் அலறவில்லை.

கண்கள் ஒரு கணம் அவனைக் கெஞ்சின.

பிறகு அந்தக் கெஞ்சல் அணைந்துபோனது.

"ஆன்கோர், ஆன்ரி?" என்றாள்.

மறுபடியுமா என்று பிரெஞ்சில் அதற்கு அர்த்தம். அவனுக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு கமலினி தமிழ் பேசவில்லை; படித்தே இராத பிரெஞ்சில்தான் பேசினாள். அதிர்ச்சி, சரியாகிவிடும் என்றார்கள் டாக்டர்கள். அவளுடைய அப்பா எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பில் காட்டி எரித்தாள். அவன் ரிவால்வரைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தான். ஒன்றும் மாறவில்லை.

ஆனால் அவனிடம் பிரியமாக இருந்தாள். சோறு பரிமாறும்போதெல்லாம் அவன் கன்னத்தைத் தடவி, ஒரே வாசகத்தைத் தாலாட்டுப் போல மெல்லச் சொல்வாள். தன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவன் அழுதான். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தான்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன.

"உன் பெண்டாட்டி உள்ளே அழுகிறாள். வெளியே விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். நான் விடமாட்டேன்."

கன்னத்தைத் தடவிவிட்டு, அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.