இடுப்பளவு தண்ணீரில் ஒரு வெளிச்சம்

நான் அந்த வீட்டுக்குப் போனது ஒரு ரோச் லைற் திருத்த. பேய் பார்க்கப் போகவில்லை. வேலணையில் மின்சாமான் திருத்தும் கடை வைத்து இருபத்திரண்டு வருசமாகிறது. றொபேட்டுக்கு வாய்தான் பெரிசு என்று சனம் சொல்லும். சொல்லட்டும். அன்றைக்கு அந்த வாயும் அடைத்துப் போய்விட்டது.

பின்னேரம் ஐந்தரை இருக்கும். கடலுக்கு நடுவே போகும் தாம்போதியைத் தாண்டி, புங்குடுதீவுக் கரையோரமாக மோட்டச்சைக்கிளை விட்டேன். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். கடைசி வீடு யசிந்தனுடையது. வேலி முடிகிற இடத்தில் கடல் தொடங்கியது. அழுகிய சாதாளைக் கடற்புல்லின் நாற்றம் மூக்கில் அடித்தது.

யசிந்தனுக்கு ஆழமில்லாத வத்துக்கடலில் நடந்து நண்டும் மீனும் பிடிக்கிற தொழில். பொழுதுபட, தழும்பிருக்கிற நெற்றியில் விளக்கைக் கட்டி, கையில் மண்டா என்கிற மீன் குத்தும் ஈட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் அரை மைல் நடப்பான். இடையில் வள்ளம் போக வெட்டிய ஆழமான வாய்க்கால் ஒன்று இருக்கிறது. இருட்டில் அதற்குள் கால் வைத்தால் ஆள் முடிந்தது. அதனால் கரையில் ஒரு கம்பத்தில் பெரிய ரோச் ஒன்றைக் கட்டி எரியவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் திரும்பி வர வேண்டும். வந்தவன் தன் கையாலேயே அதை அணைப்பான், வேறு யாரும் தொடக்கூடாது. அணைந்தால் ஆள் கரையேறிவிட்டான், சோறு போடலாம் என்று வீட்டுக்குத் தெரியும்.

"இருவது நிமிசத்திலை நூந்து போகுது, அண்ணை," என்றாள் அவன் மனைவி ஜெயந்தா. "மூண்டு நாள் வாய்க்கால் விளிம்பு வரைக்கும் போயிட்டு வந்தவர். நான் நெஞ்சிடிச்சே செத்துப்போடுவன்."

பற்றறியைக் கழற்றினேன். ஒன்பதாயிரத்துத் தொளாயிரம் மில்லி அம்பியர் மணி என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது.

"இதை ஆர் உங்களுக்கு வித்தவன்? கையிலை தூக்கிப் பாரும் பிள்ளை, பாரமே இல்லை. முழு வெளிச்சத்துக்கு இந்த ரோச் பன்னிரண்டு அம்பியர் இழுக்கும். இது மூண்டு குடுக்கவே மூச்சு வாங்கும்."

என் பையில் இரண்டு வகை இருந்தது. சிவப்பு உறை போட்டது கேட்ட கரண்டைக் கேட்டவுடன் கொடுக்கும், ஆனால் கெதியில் தீரும். பச்சை உறை போட்டது கனநேரம் நிற்கும். ஆனால் அதற்குள் ஒரு காவல் தகடு இருக்கிறது. எட்டு அம்பியருக்கு மேல் இழுத்தால் அது தானே கரண்டை வெட்டிவிடும். நடு வெளிச்சத்துக்கு ஒன்றரை அம்பியர் போதும், இரண்டு மணித்தியாலம் தாராளமாக எரியும். பச்சையைப் போட்டு, நடு வெளிச்சத்தில் எரியவிட்டேன்.

"தம்பி, பயப்பிடாமல் போம். நான் நிண்டு பாத்திட்டுத்தான் போவன்," என்றேன்.

யசிந்தன் சிரித்தான். "ஜெயா, அண்ணைக்குத் தேத்தண்ணி குடும்," என்றுவிட்டுக் கடலில் இறங்கினான்.

ஆறே முக்காலுக்கு நன்றாக இருட்டிவிட்டது. தூரத்தில் அவனுடைய நெற்றி விளக்கு சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்குக் கம்பத்து ரோச் அணைந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடிப்போய்ப் பற்றறியைக் கழற்றி மீற்றரில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட நிறைந்துதான் இருந்தது. பின்னாலிருந்த சுவிச்சைத் தடவினேன். யாரோ அமத்தி அணைத்திருந்தார்கள்.

சுவிச் ஈரமாக இருந்தது.

"நான் தொடேல்லை, அண்ணை," என்று ஜெயந்தா இரகசியக் குரலில் சொன்னாள்.

"பனி பிள்ளை, பனி. சுவிச்சும் லூசாப் போச்சு," என்றேன். ஒரு துண்டு வயரை வைத்து சுவிச்சை நேராக இணைத்தேன். இனி எவன் அமத்தினாலும் அணையாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பக்கப் பொத்தான் மட்டும் வேலை செய்யும். ரோச்சைத் திரும்பக் கட்டிவிட்டு, பெரிய கெட்டிக்காரன்போல அவளைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, கம்பத்தைத்தான் பார்த்தாள். "இவரின்ரை அண்ணன் றொஜன் மச்சான் இந்தக் கடலிலைதான் போனவர். ரெண்டு வருசமாச்சு. அண்டைக்கும் ரோச் நூந்திட்டுது. உடம்பு கிடைக்கேல்லை. ரோச்சை அணைக்காமல் கரையேறின கணக்கில்லை எண்டு அவர்தான் எப்பவும் சொல்லுறவர்."

நான் கம்பத்துக் கட்டை இன்னொரு தரம் இறுக்கினேன்.

தண்ணீரில் காலடிச் சத்தம் கேட்டது. சளக். சளக். ஆறுதலாக, களைத்தவன் நடக்கிற மாதிரி.

ரோச்சின் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில், ஒருவன் வந்து நின்றான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டிக்.

டிக். டிக்.

சுவிச்சை அமத்திக்கொண்டிருந்தான்.

"யசி?" என்றாள் ஜெயந்தா.

"இது நிக்குதில்லை," என்றது யசிந்தனின் குரல். "ஒருக்கா நிப்பாட்டி விடுங்கோ அண்ணை. எனக்குக் குளிருது."

நான் கையை நீட்டப் போனேன். அப்போது ஜெயந்தா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கடலைக் காட்டினாள்.

தூரத்தில் நெற்றி விளக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. எங்களை நோக்கித்தான் வந்தது.

அந்தோனியாரே! எனக்கு மூளை நின்றுவிட்டது. நிற்பவனின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒன்றுதான் இருந்தது. ரோச்சைப் பறித்து அவன் பக்கம் திருப்பிப் பக்கப் பொத்தானை அமத்தினேன், முழு வெளிச்சத்துக்கு.

பன்னிரண்டு அம்பியர். உள்ளே இருந்தது பச்சைப் பற்றறி.

வெட்டிவிட்டது.

அப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை. என் தோளை உரசிக்கொண்டு ஈரமான ஏதோ ஒன்று வீட்டுப் பக்கம் போனது.

"வந்திட்டன், மச்சாள்."

ஜெயந்தாவின் நகம் என் கையில் இறங்கியது. யசிந்தன் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி பெண்சாதியை அப்படிக் கூப்பிடுகிறவர் றொஜன் ஒருவர்தான்.

இருட்டில் சிவப்புப் பற்றறி இரண்டு தரம் மணலில் விழுந்தது. தேடி எடுத்துப் போட மூன்று நிமிசம் ஆனது. அந்த மூன்று நிமிசமும் கடலில் அந்த விளக்கு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திரும்பியது. பிறகு பிழையான பக்கமாக நடந்தது. நான் முழு வெளிச்சத்தையும் கடல்மேல் அடித்துத் தொண்டை கிழியக் கத்தினேன். விளக்கு சட்டென்று கீழே போனது.

ஜெயந்தா கடலுக்குள் ஓடினாள். பிடித்து இழுத்து வந்தேன்.

வீட்டுக்குள் குசினிக் கதிரையில் யசிந்தன் உட்கார்ந்திருந்தான். அதே முகம், அதே நெற்றித் தழும்பு. "விளக்கு கடலுக்கை விழுந்திட்டுது," என்றான், எங்களைப் பாராமல்.

அயல் சனம் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஆள் பத்திரமாக இருக்கிறான்தானே என்று என்னைத்தான் ஏசியது. நானும் அதை நம்பிக்கொண்டு போனேன். இல்லை, பொய் சொல்கிறேன். நம்பவில்லை. அந்தப் பிள்ளையை அவனோடு விட்டுவிட்டு, பற்றறிகளையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வேறென்ன சொல்ல?

மூன்றாம் நாள் அவள் எனக்குப் போன் எடுத்தாள். "சாப்பிடுறார், நித்திரை கொள்ளுறார். விடிய எழும்பினால் பாய் நனைஞ்சு கிடக்கு. பொழுதுபட்டால் கதவைச் சாத்தச் சொல்லுறார். கடலுக்கை ஒரு வெளிச்சம் நடக்குது, அண்ணை."

யசிந்தனின் நெற்றி விளக்கில் இருந்தது ஒரேயொரு பற்றறி. அரை அம்பியர் இழுக்கும். ஆறு மணித்தியாலம், கூடிப்போனால் ஏழு. என் தொழிலில் இந்தக் கணக்குப் பிழைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் பொழுதுபட அவள் திரும்ப எடுத்தாள். குரல் மிக மெதுவாக, ஆனால் அமைதியாக இருந்தது.

"இஞ்சை இவர் நித்திரை, அண்ணை. அவர் கரைக்குக் கிட்ட வந்திட்டார். இடுப்பளவு தண்ணியிலை நிக்கிறார். ஜெயா எண்டு கூப்பிடுறார், வழி தெரியேல்லையாம். ரோச்சுக்கு எந்தப் பற்றறி போட?"

போகாதே என்று சொல்லியிருக்கலாம். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

"சிவப்பு," என்றேன். "முழு வெளிச்சத்திலை விடும்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு காற்று. அதற்குப் பிறகு அவளுடைய போன் வேலை செய்யவில்லை. காலையில் போனேன். கதவைத் திறந்த யசிந்தன், "அவ தாய் வீட்டை போயிட்டா," என்றுவிட்டுச் சாத்தினான். அவளுக்குத் தாய் இல்லை.

நேற்றுப் பின்னேரம் தாம்போதியால் வரும்போது பொழுதுபட்டுவிட்டது. பார்க்கக்கூடாது என்றுதான் வந்தேன். பார்த்துவிட்டேன்.

வத்துக்கடலில் இரண்டு வெளிச்சங்கள் நடந்துகொண்டிருந்தன.