முன்னறைத் திரையில் ஒரு சிவப்புக் கோடு

காலை 11.10. நெதர்லாந்தின் ஸீலாந்துக் கரையில் புயல். மாலை கடல் எவ்வளவு உயரும் என்று பகல் ஒரு மணிக்குள் சொல்லியாக வேண்டும். மூன்று மீட்டரைத் தாண்டும் என்று சொன்னால்தான் கடல் மதகை மூடுவார்கள். இருபது நிமிடத்தில் முடிகிற கணக்கு, ஒரு மணி நேரமாகியும் பாதி தாண்டவில்லை. ராட்சதக் கணினிக்குள் நாலாயிரம் செயலிகள் இருந்தும் இந்தக் கதி! நேரம் எங்கே போய்த் தொலைந்தது?

"திருட்டுதான்" என்றார் கணிப்பு மையத்தின் இயக்குநர் ரூலோஃப். "மெஷின் பொறுப்பு யோரிஸ்கிட்ட. கள்ளத்தனமா சொந்த வேலை ஓட்டுறான்."

அடுத்தவன் மேல் பழி போடுவதென்றால் ரூலோஃபுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பொறியாளன் யோரிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பதினோரு வருஷமா இங்க இருக்கேன். நானா திருடன்?"

ரூலோஃப் வரவழைத்த இன்ஸ்பெக்டர் வில்மைன் நனைந்த கோட்டோடு நின்றாள். வரும்போதே முன்னறையைக் கவனித்திருந்தாள். நாளை அமைச்சர் வருகிறார் என்று புதுத் திரை மாட்டியிருந்தார்கள். அதில் 'பிழை' என்று பெயரிட்ட ஒரு சிவப்புக் கோடு, சுற்று எண் ஒவ்வொன்றாக ஏற ஏற, துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மெஷின் ரூமைக் காட்டுங்க."

11.25. உள்ளே போனதும் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "எப்பவும் இப்படித்தான் குளிருமா?"

"இல்லைங்க" என்றான் யோரிஸ். "கணக்கு ஓடும்போது குளிரூட்டுற தண்ணி நாப்பது டிகிரில திரும்பும்."

அளவுமானி இருபத்தெட்டு காட்டியது.

"திருட்டு வேலை ஓடினா சூடு ஏறணுமே! நாலாயிரமும் கையக் கட்டிட்டு நிக்குது. எதுக்காகக் காத்திருக்கு?"

யோரிஸ் யோசித்தான். "கடலைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கோம். கணக்கு போடறது சட்டுனு முடியும். ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்றதுதான் இழுக்கும். பிழை குறையுற வரைக்கும் கணக்கு சுத்துச் சுத்தா ஓடும். அதனால பிழை எவ்வளவுன்னு எல்லார்கிட்டயும் நூறு சுத்துக்கு ஒருதரம்தான் கேப்போம்."

"முன்னறைத் திரைல ஒவ்வொரு சுத்துக்கும் கோடு இறங்குதே?"

"ஐயோ! நான் பின்வாசல் வழியா வர்றவன், அதைப் பாக்கவே இல்லையே!"

11.40. "ரூலோஃப், அந்தச் சிவப்புக் கோட்டைச் சுத்துக்குச் சுத்து நகரவிட்டது யாரு?" என்றாள் வில்மைன்.

"அழகா நகரட்டும்னு நேத்து நான்தான் நூறை ஒண்ணா மாத்தினேன். ஒரே ஒரு எண்ணு தானேம்மா!"

"அந்த ஒரு எண்ணுக்காக நாலாயிரம் பேரும் வேலைய நிறுத்தி, திரை வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் நிக்கிறாங்க. பொறந்தநாள் வீட்ல ஒவ்வொரு வாய் கேக்குக்கும் எல்லாரும் எழுந்து எல்லாருக்கும் கை குடுத்தா, கேக்கு எப்பய்யா தீரும்? நேரத்தைத் திருடினது நீங்கதான்."

யோரிஸ் அந்த எண்ணைப் பழையபடி நூறாக்கிக் கணக்கை மறுபடி ஓடவிட்டான். ரூலோஃப் பின்னால் வந்து நின்றார். "யோரிஸ், நான் வந்து..."

"இப்ப பேசாதீங்க. கணக்கு ஓடுது."

12.06. விடை வந்தது: மூன்று மீட்டர் எழுபது. யோரிஸ் மதகுக்கு போன் செய்தான். "மூடுங்க!"

போனை வைத்தான். திரும்பினான்.

"இப்ப சொல்லுங்க."