பசுமைக்கு நூறு

நிலவின் மூன்றாம் குடியிருப்புப் பள்ளியில் முதல் பாடவேளையே மூச்சு விடுவதுதான். பிள்ளைகள் ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டின் முன் உட்கார்ந்து, அதன் குழாயில் வாய் வைத்து ஊதுவார்கள். குடியிருப்பின் காற்றைச் சலிக்கும் இயந்திரங்கள் கரியமில வாயுவைக் கொஞ்சமும் விட்டுவைப்பதில்லை. கூண்டுக்குள் இருக்கும் தட்டைப்பயறுச் செடிக்கோ அது இல்லாமல் வாழ்வில்லை. ஆகவே ஒவ்வொரு செடியும் ஒரு பிள்ளையின் மூச்சைத் தின்று வளர்ந்தது.

நிர்வாகத்திடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஏற்பாட்டை வாங்கியவர் பெனிட்டா டீச்சர். நிலவிலேயே பிறந்த பிள்ளைகள், சோறென்றால் குழாயில் வரும் ஊட்டக்கூழ் என்று நினைப்பவர்கள். ஒரு விதை முளைத்து, பூத்து, காய்த்து, காய்ந்து, மறுபடி விதையாவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார்.

காய்கள் முற்றத் தொடங்கிய நேரத்தில் இரண்டு வாரம் நீளும் நிலவின் இரவு வந்தது. மின்சாரச் சிக்கனத்துக்காகப் பள்ளியை மூடினார்கள். கூண்டுகள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போயின. விடிந்து திரும்பியபோது வகுப்பே பச்சைப் பசேலென்று இருந்தது. நிலோபரின் செடி மட்டும் சருகாக நின்றது.

மதிப்பெண் போடும் இயந்திரத்துக்கு மதிப்பி என்று பெயர். அது மேசை மேசையாக உருண்டு, "பசுமை, நூற்றுக்கு நூறு" என்று சொல்லிக்கொண்டே போய், நிலோபரிடம் வந்து நின்றது.

"பசுமை இல்லை. பூஜ்யம்."

நிலோபர் கூண்டை டீச்சர் பக்கம் திருப்பினாள். "தினமும் ஊதினேன் டீச்சர். அதுவாத்தான் காஞ்சுது."

டீச்சர் அந்தச் செடியின் காய்ந்த நெற்று ஒன்றைப் பிளந்தார். உள்ளே பயறு கல்லுப் போல் விளைந்திருந்தது. சட்டென்று பக்கத்துக் கூண்டைத் திறந்து ஓர் இலையைத் தடவினார். நரம்பே இல்லை.

"இது ஏதுடா?"

"அப்பா அச்சுப்பொறியில பிளாஸ்டிக்ல எடுத்தாரு டீச்சர். செத்த செடியக் கொண்டுபோனா மார்க் போயிடும்னாரு."

"எங்கம்மா கூழுக்குப் பயிர் வளக்கிற பண்ணைக் கூடத்துல சொல்லிப் புதுசா வாங்கிட்டாங்க" என்றாள் பின்வரிசைப் பெண், பெருமையாக.

டீச்சர் நேராகத் தலைமையாசிரியர் சபேசனின் அறைக்குப் போனார்.

"பெத்தவங்க ஏதோ ஆர்வத்துல செய்றாங்கம்மா, விடுங்க" என்றார் சபேசன்.

"ஆர்வமா? பிள்ளைங்க பாக்கவேண்டிய பாடத்தையே தூக்கிக் குப்பையில போட்டிருக்காங்க சார்! காயாம விதை எங்கருந்து வரும்? ஒழுங்கா வளத்த ஒரே பொண்ணுக்குப் பூஜ்யம். அந்த மெஷினோட விதிய மாத்துற வரைக்கும் நான் வகுப்புக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டேன்."

சபேசன் பயந்துவிட்டார். அன்று மாலையே சுற்றறிக்கை போனது: முழுதாகக் காய்ந்த செடிக்கே முழு மதிப்பெண், அடுத்த வாரம் மறுமதிப்பீடு. நியாயம் ஜெயித்தது என்று டீச்சர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுமதிப்பீட்டு நாளில் நடைக்கூடம் முழுக்கத் தீய்ந்த வாடை. பிள்ளைகள் மொறுமொறுவென்ற செடிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா நேத்து சூட்டடுப்புல வெச்சு எடுத்தாங்க டீச்சர்."

ஒருவனுடைய சருகில் புழு அரித்த ஓட்டைகள்கூட இருந்தன. நிலவில் புழுவே கிடையாது.

"காய்வு, நூற்றுக்கு நூறு" என்று மதிப்பி உருண்டது. கடைசியில் நிலோபரின் கூண்டு. அதில் இரண்டே இரண்டு பச்சை இலைகள், அப்போதுதான் கண் விழித்ததுபோல் விரிந்திருந்தன.

"அந்தப் பயறையே ஊனினேன் டீச்சர். முளைச்சிடுச்சு!"

"காய்வு இல்லை. பூஜ்யம்."

பெனிட்டா டீச்சர் எட்டி, மதிப்பியின் முதுகிலிருந்த மின்கலத்தைப் பிடுங்கித் தரையில் வீசினார். நிலோபரின் பக்கத்தில் முழங்காலிட்டு, "எல்லாரும் இங்க வாங்க. இந்த வகுப்பில உயிரோட இருக்கிற ஒரே செடி இதுதான்" என்றார். பிள்ளைகள் மெல்ல மெல்லச் சூழ்ந்தார்கள். ஒருவன் தன்னையறியாமல் குழாயில் வாய் வைத்து ஊதினான்.

அப்போது கண்ணாடிச் சுவருக்கு வெளியே எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் கூட்டத்திலிருந்து ஒருவர் கதவைத் தட்டித் தலையை நீட்டினார்.

"டீச்சர், அடுத்த தடவை பச்சையா, காஞ்சதா, இந்த மாதிரி குட்டியான்னு இப்பவே சொல்லிடுங்க. கடைசி நேரத்துல எங்களால அலைய முடியாது."